தழும்பு இல்லாத படம்

அப்பாவைக் காணோம் என்று அண்ணன் போன் செய்தபோது நான் சிவகாசியில் ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் செய்துகொண்டிருந்தேன். பட்டாசுக்கும் காலண்டருக்கும் டிசைன் போட்டுக் கொடுக்கிற சின்ன அலுவலகம் அது. தீபாவளி சீசன் நெருங்கிக்கொண்டிருந்த நேரம், எல்லா ஆர்டரும் ஒன்றாக வந்து நின்றன.

"காலையில டீக்கடைக்குப் போறேன்னு கெளம்பிருக்காரு. இன்னும் வரலை. நீ எதுக்கும் பஸ் ஸ்டாண்டை ஒரு எட்டுப் பாத்துரு" என்றான் அண்ணன்.

அவன் குரலில் பதற்றம் இல்லை. எனக்கும் இல்லை. எங்கள் வீடு ஆனைக்குட்டம் பக்கம். அப்பாவுக்கு முந்தைய வருடத்திலிருந்தே மறதி தொடங்கியிருந்தது. என்னைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். விடிந்ததும் எழுந்து, வேலையை விட்டு வெகுகாலம் ஆகியும், "தூக்குச்சட்டி எங்க, கம்பெனி வண்டி வந்துருமே" என்று அம்மாவிடம் கேட்பார். இதற்கு முன்பும் இரண்டொரு தடவை வழி தவறிப் போய், தெரிந்தவர்கள் கூட்டிவந்து விட்டிருக்கிறார்கள். இந்தத் தடவையும் அப்படித்தான் என்று நினைத்தோம்.

இருட்டும்வரை வரவில்லை. மறுநாள் அண்ணன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். அங்கே முதலில் கேட்டது போட்டோ.

அப்பாவின் படம் என்று எங்கள் வீட்டில் ஒன்றுதான் உருப்படியாக இருந்தது. ரேஷன் கார்டில் அவர் முகத்தின் மேல் சீல் விழுந்திருந்தது. வாக்காளர் அட்டையில் கறுப்பாக ஒரு தலை தெரியும், அது யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கலாம். அண்ணன் கல்யாண ஆல்பத்தில் பல இடங்களில் அவர் நிற்கிறார், எல்லாவற்றிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அதற்குக் காரணம் உண்டு. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் மருந்து அடைக்கும் அறையில் வேலை பார்த்தார். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அந்த அறையில் தீப்பிடித்தது. கூட இருந்தவர் பிழைக்கவில்லை. அப்பாவுக்கு இடது கன்னமும் காது மடலும் வெந்துபோயின. ஆறிய பிறகு கண்ணுக்குக் கீழேயிருந்து தாடைவரை தோல் சுருங்கி இழுத்துக்கொண்டது. அதன் பின் அவர் யாருக்கும் இடது பக்கத்தைக் காட்டியதில்லை. பஸ்ஸில் இடப்புற ஜன்னலோர இருக்கை கிடைத்தால்தான் உட்காருவார், இல்லையென்றால் நின்றுகொண்டே வருவார். வீட்டிலும் சுவரை ஒட்டி இடது பக்கம் மறைகிற மாதிரிதான் உட்காருவார். நாங்கள் அதைப் பற்றிப் பேச மாட்டோம், உற்றுப் பார்க்கவும் மாட்டோம்.

கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்த ஸ்டுடியோக்காரர்தான் அவரை நேராக நிற்க வைத்தார். "பெரியவரே, ஒரே ஒரு படம் நேரா நில்லுங்க. இதெல்லாம் நான் கம்ப்யூட்டர்ல எடுத்துருவேன். உங்களுக்கே அடையாளம் தெரியாது பாருங்க" என்றார். அப்பா என்ன நினைத்தாரோ, நின்றார். சொன்னபடியே அவர் செய்தும் கொடுத்தார். நரைத்த தலை கறுத்திருந்தது, நிறம் இரண்டு படி வெளுத்திருந்தது. சட்டைக்கு மேல் ஒரு கோட்டு. கன்னம் மழமழவென்று இருந்தது. அப்பா அந்தப் படத்தை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "சட்டம் போட்டு மாட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் படத்தைத்தான் ஸ்டேஷனில் கொடுத்தோம். அதன் கோப்பு என் அலுவலகக் கம்ப்யூட்டரிலும் இருந்ததால், அதை வைத்தே நான் நோட்டீஸ் போட்டேன். வயது, உயரம், நீலக் கட்டம் போட்ட சாரம், வெள்ளைச் சட்டை, துண்டு என்று அண்ணன் சொல்லச் சொல்ல அடித்தேன். தழும்பைப் பற்றி அவனும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அப்படி ஒரு சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. என் முதலாளி பக்கத்து பிரஸ்ஸில் பேசி, லேபிள் அடித்து மிஞ்சிய தாளில் அச்சடித்துக் கொடுத்தார். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், விருதுநகர் என்று பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக நானும் அண்ணனும் ஒட்டினோம். உள்ளூர் கேபிள் டிவியிலும் அந்தப் படத்தைக் காட்டினார்கள்.

போன் வராமல் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் வாசலில் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார். அண்ணன் லோடு ஏற்றுகிற வேலையைப் போட்டுவிட்டு ஓடினான். சிவப்பாக, தலைக்குச் சாயம் பூசிய யாரோ ஒரு பெரியவர் பேரனோடு சுண்டல் தின்றுகொண்டிருந்தாராம். ராஜபாளையத்திலிருந்து ஒரு போன். அதுவும் அப்படித்தான்.

அம்மா சோற்றில் கை வைக்கவில்லை. "வெயிலு இந்தப் போடு போடுதே, தண்ணி யாரு குடுப்பா" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் சாத்தூரிலிருந்து அச்சங்குளம் போகிற ரோட்டில், பட்டாசுக் கம்பெனி ஆட்கள் இறங்குகிற இடத்தில் இருந்த டீக்கடையில் விசாரித்தேன். கடைச் சுவரில் எங்கள் நோட்டீஸ் இருந்தது. கடைக்காரர் அதையும் என்னையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இவரு இங்கன வரலைம்மா. வேற ஒரு பெரியாளு வந்தாரு, பாவம். கம்பெனி வண்டி போயிருச்சான்னு கேட்டுக்கிட்டே நின்னாரு. டீ குடுத்தேன். குடிச்சாரு."

"எப்படி இருந்தாரு அண்ணாச்சி?"

"வெள்ளத் தலை. கறுத்த ஆளு. இந்தப் பக்கத்துக் கன்னம் பூரா வெந்து கெடந்துச்சு."

சுவரில் இருந்த நோட்டீஸைக் கையால் தொட்டுக் காட்டினேன்.

"அதான் அண்ணாச்சி எங்க அப்பா."

அவர் நோட்டீஸின் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "இவரா? இது வேற ஆளுல்லா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு எப்படித்தா தெரியும். அவரு இங்கனதான், இந்த நோட்டீஸுக்கு நேர் எதுத்தாப்புல உக்காந்திருந்தாரு. முந்தாநாளு. அப்புறம் விருதுநகர் பஸ்ஸுல ஏறினாரு."

அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். அப்பா டீ குடித்த இடம். அவர் எதிரே அவருடைய படமே இருந்திருக்கிறது. பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

விருதுநகர் போய் பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையத்திலும் தேடினோம். மிச்சம் இருந்த நோட்டீஸ்களில் 'இடது கன்னத்தில் தீக்காயத் தழும்பு உண்டு' என்று அண்ணன் பேனாவால் எழுதினான். அதைக் காட்டினால் ஜனங்கள் இன்னும் குழம்பினார்கள். ஒரு பூக்காரம்மா, "எழுத்து ஒண்ணு சொல்லுது, படம் ஒண்ணு சொல்லுதே. எதை நம்புறது" என்று கேட்டாள். அது நியாயமான கேள்வி. படிக்கத் தெரியாதவர்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள். படிக்கத் தெரிந்தவர்களும் படத்தைத்தான் பார்த்தார்கள்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் ஃபோட்டோஷாப்பில் அந்தப் படத்தைத் திறந்தேன். நானே தழும்பை வரைந்துவிடலாம் என்று நினைத்தேன். தலையை நரைக்க வைப்பதும் நிறத்தைக் குறைப்பதும் சுலபமாக முடிந்தன. கன்னத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. கண்ணுக்கு எவ்வளவு கீழே தொடங்கும்? உதட்டோரம் இழுத்திருக்குமா, இல்லை தாடையிலா? பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறேன், அந்தக் கன்னம் எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவள் சொன்னதை வைத்து வரைந்தேன். திருவிழாவில் வேஷம் கட்டுகிறவன் முகம் போல வந்தது. அழித்து மறுபடி வரைந்தேன். பார்க்கப் பார்க்க அது அப்பா முகமாகவே இல்லாமல் போனது.

அப்போதுதான் ஸ்டுடியோக்காரரின் நினைவு வந்தது. அவர் எடுத்த அசல் படம் எங்காவது இருக்க வேண்டுமே. அவர் கடையை மூடிவிட்டுத் திருப்பூருக்குப் போயிருந்தார். பக்கத்துக் கடையில் நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன்.

"அசலு இல்லையேம்மா. கேமரா கார்டுல எடம் வேணும்ல, அப்பவே அழிச்சாச்சு" என்றார். பிறகு அவரே சொன்னார்: "கல்யாண சிடி ஒண்ணு உங்க அண்ணன்ட்ட குடுத்தேன்ல. அதுல தனி ஃபோல்டர்ல ஃபோட்டோஷாப் பிஎஸ்டி ஃபைலு கெடக்கும். நான் அசலு மேல கையே வைக்க மாட்டேன். கோட்டு, முடி, கன்னம் எல்லாம் அதுக்கு மேல தனித்தனி லேயரு. அடியில அவரு அப்படியேதான் இருப்பாரு."

மதினி ஆல்பப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடி அந்த சிடியைக் கண்டுபிடித்தார். அலுவலகத்தில் போட்டேன். கோப்பு இருந்தது. கிளிக் செய்தேன். இது ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்பில் சேமித்தது, லேயர்களைத் திறக்க முடியாது, தட்டையான படத்தை மட்டும் வேண்டுமானால் காட்டுகிறேன் என்று ஒரு பெட்டி வந்தது. சரி என்று கொடுத்தேன். வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது. அதன் நடுவில், இந்தக் கோப்பு ஒட்டுமொத்தப் படம் இல்லாமல் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று ஆங்கிலத்திலும் எனக்குத் தெரியாத வேறு பாஷைகளிலும் எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

நாங்கள் லேபிள் டிசைன் போடுகிற கோரல் டிரா புரோகிராமில் இறக்கிப் பார்த்தேன். அதே வெள்ளை. படம் பார்க்கிற சின்னச் சின்ன புரோகிராம்கள் எல்லாவற்றிலும் போட்டேன். எதிலும் அதே வெள்ளைப் பக்கமும் அதே வரிகளும்தான். கோப்பின் அளவைப் பார்த்தால் பெரிதாக இருக்கிறது. உள்ளே அப்பா இருக்கிறார். வெளியே வர வழியில்லை. ஸ்டுடியோக்காரரை மறுபடி கூப்பிட்டேன்.

"வெள்ளையாத்தான் வருது அண்ணே."

"என்ன வெர்ஷன் வச்சிருக்கீக?"

"ஏழு."

"அதான். நான் அதுக்கடுத்த வெர்ஷன்ல பண்ணது. சைஸு கம்மியா இருக்கட்டும்னு சேவ் பண்ணும்போது அந்தக் கம்பாட்டிபிலிட்டி டிக்கை எடுத்துருவேன். அது இருந்தா பழைய வெர்ஷன்லயும் மத்த புரோகிராம்லயும் மேலோட்டமா ஒரு படமாச்சும் தெரியும்." பிறகு "அப்படித் தெரிஞ்சாலும் உனக்குப் பிரயோசனம் இல்லைம்மா. கோட்டுப் போட்ட படம்தான் தெரியும். லேயரு வேணும்னா புது வெர்ஷன்தான்" என்றார்.

புதிய பதிப்பை இன்டர்நெட்டில் இறக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். எங்கள் அலுவலகத்து இணைப்பு ஒரு மெயில் திறக்கவே மூச்சு வாங்கும். பிரவுசிங் சென்டரில் முயன்றபோது பாதியில் கரண்டு போனது. அண்ணன் விருதுநகரில் ஒவ்வொரு தெருவாக அலைந்துகொண்டிருந்தான். நடுவில் போன் செய்து, ரயில் தண்டவாளத்தில் யாரோ அடிபட்டுக் கிடப்பதாகச் சொன்னார்கள், போய்ப் பார்த்தேன், அப்பா இல்லை என்றான். சொல்லிவிட்டு அழுதான். அண்ணன் அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சிவகாசியில் புதிய பதிப்பு கண்டிப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்த ஓர் இடம், எங்கள் டிசைன்களுக்கெல்லாம் அச்சுக்கான ஃபிலிம் எடுக்கிற அவுட்புட் சென்டர். சிடியை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். வாசல்வரை ஆட்கள். காலண்டருக்கும் வெடிப் பெட்டிக்கும் ஃபிலிம் எடுக்க வந்தவர்கள். பொறுப்பாளர் என்னை முகம் தெரிந்தவர்தான்.

"வெளி சிடி போடக் கூடாதுன்னு ஆர்டரு தாயி. வைரஸ் ஏறுச்சுன்னா சீசனே போச்சு" என்றார்.

"ஒரு ஃபைலுதான் அண்ணாச்சி."

"எல்லாரும் ஒரு ஃபைலுன்னுதான் வாரீக."

நான் நகரவில்லை. நகர்ந்து எங்கே போவது? ஓரமாக நின்றேன். ஆட்கள் வந்தார்கள், ஃபிலிமைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அவர் இரண்டு தடவை என்னைப் பார்த்தார். மூன்றாவது தடவை பார்த்தபோது பையிலிருந்து நோட்டீஸை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். "இது எங்க அப்பா. ஆனா இது அவரு முகம் இல்லை. அவரு முகம் இந்த சிடிக்குள்ள இருக்கு. எங்கயும் திறக்க மாட்டேங்குது" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவர் நோட்டீஸைப் படித்தார். பேனாவால் எழுதிய வரியையும் படித்தார். "எல்லாரும் சாப்பிடப் போகட்டும்" என்றார்.

ஆட்கள் சாப்பாட்டுக்குக் கலைந்ததும் சிடியை வாங்கி வைரஸ் சோதனை போட்டார். பிறகு கோப்பைத் திறந்தார். முதலில் வந்தது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற அதே படம். ஆனால் ஓரத்தில் லேயர்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குட்டிக் கண். அந்தக் கண்ணை மூடினால் அந்த லேயர் மறையும். அவர் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"நீயே பண்ணு தாயி."

முதல் கண்ணை மூடினேன். கோட்டு போனது. அப்பாவின் வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்கு எடுத்தது, காலர் சற்றுப் பெரிதாக இருந்தது. அடுத்ததில் தலை நரைத்தது. அதற்கடுத்ததில் வெளுத்த நிறம் இறங்கி, வெயிலில் காய்ந்த அவருடைய கறுப்பு வந்தது. கடைசியாகக் கன்னம். அதை மூட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மூடியதும் அப்பா வந்தார்.

நான் வரைந்தது எதுவும் சரியில்லை. தழும்பு கண்ணுக்கு நான் நினைத்ததைவிட மிக அருகில் தொடங்கியது. இமையின் ஓரத்தையே கொஞ்சம் கீழே இழுத்திருந்தது. நேராகக் கேமராவைப் பார்த்து, பயந்த மாதிரி, ஒரே ஒரு தடவை நின்றிருந்தார். அந்தத் தீ விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகத்தை முழுதாகப் பார்த்தேன். அதுவும் அவர் பக்கத்தில் இல்லாதபோது.

"எந்தக் கம்பெனி?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

சொன்னேன்.

"என் மச்சினனும் மருந்து ரூம்லதான் இருந்தான்" என்றார்.

எல்லா லேயரையும் ஒன்றாக்கி நோட்டீஸுக்குக் கறுப்பு வெள்ளையில் டிஃப் கோப்பாக ஒன்றும், கேபிள் டிவிக்கு ஜேபெக் கோப்பாக ஒன்றும் சேமித்தேன். "டிவிக்குப் போறதை ஆர்ஜிபி கலருக்கு மாத்திட்டியா பாரு. அச்சுக்கான கலர்லயே விட்டா அவுக மிஷின்ல நெகட்டிவ் மாதிரி வந்துரும்" என்று அவரே குனிந்து சரிபார்த்தார். எந்த ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் திறக்க வேண்டும் என்று சொல்லி, இன்னொரு சிடியிலும் எழுதிக் கொடுத்தார்.

பக்கத்து பிரஸ் மிஷினில் ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு எங்கள் நோட்டீஸை ஏற்றினார்கள். மை காயும் முன்பே தூக்கிக்கொண்டு விருதுநகர் போனேன். பழைய நோட்டீஸ் மேலேயே புதியதை ஒட்டினோம். அண்ணன் ஒவ்வொன்றையும் ஒட்டிவிட்டுக் கொஞ்சம் நின்று பார்த்தான். "அப்பாவுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாரு" என்றான். ஊர் முழுக்கத் தன் இடது கன்னம் சுவரில் இருப்பதை அவர் எப்படித் தாங்குவார் என்று எனக்கும் ஓடாமல் இல்லை. ஆனாலும் ஒட்டினோம்.

மறுநாள் காலை அண்ணனுக்குப் போன் வந்தது. பேசியவர் விருதுநகர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். டியூட்டி முடிந்து பஸ் ஏற வந்தவர் நோட்டீஸைப் பார்த்திருக்கிறார்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு நாங்கள் போனபோது அந்த நர்ஸ் வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே காத்திருந்தார். கழுத்தில் சின்ன சிலுவை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காய்ச்சலோட ரோட்டோரம் கெடந்தாருன்னு ஆட்டோக்காரர் கொண்டாந்து சேர்த்தாரு. பேரு கேட்டா சொல்லத் தெரியலை. கம்பெனி வண்டி, கம்பெனி வண்டின்னே சொன்னாரு." பிறகு என் பக்கம் திரும்பி, "பழைய நோட்டீஸைத் தினமும் பாத்துக்கிட்டுத்தான் பஸ் ஏறுனேன் தங்கச்சி. யாரோ ரிட்டையர்டு வாத்தியார்னு நெனச்சேன். எங்க வார்டுல இருக்கிற ஆளோட சேத்துப் பாக்கணும்னு தோணவே இல்லை" என்றார்.

அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளங்கால் இரண்டும் நடந்து நடந்து உரிந்து, கட்டுப் போட்டிருந்தார்கள். அம்மா போய்க் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் காலைத் தொட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார்.

"வந்துட்டியா? சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிடலை" என்றாள் அம்மா. அதன் பின்தான் அழுதாள்.

கால் புண் ஆற வெகுநாள் ஆனது. அம்மா தான் பார்த்துவந்த பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே வெடிக்குக் குழாய் சுருட்டுகிற வேலையை எடுத்துக்கொண்டாள். அப்பாவைப் பிறகு தனியாக விடவில்லை. மேலும் சில வருடங்கள் இருந்தார். என்னையும் அண்ணனையும் மதினியையும் ஒவ்வொருவராக மறந்தார். அம்மாவை மறக்கவில்லை. அவள் தண்ணீர் பிடிக்கப் போனால்கூட உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அவளும் குடத்தைக் குழாயடியில் விட்டுவிட்டு ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவாள்.